பலகையில் பேர் வந்தால்

சபை அறிவித்தல் பலகை எழுதுகிறவளுக்குச் சம்பளம் கிடையாது. ஏச்சு மட்டும் வாரம் தவறாமல் கிடைக்கும். உங்கள் ஊர்க் கோயிலில் இதே வேலையைப் பார்க்கிற அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்குத் தெரியாத புதினம் இதில் ஒன்றும் இல்லை. சேர்ந்து சிரிக்கத்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. உக்குவளைப் பக்கம் எங்கள் சின்னக் கோயிலுக்கு மாத்தளையிலிருந்து போதகர் பஸ்ஸில் வருவார். அவர் வாசிக்கிற அறிவித்தல் பிள்ளைகளின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. வாராவாரம் சனம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் போதகர் சொல்லிவிட்டார், அறுப்பின் பண்டிகைக்குள் சனம் சேராவிட்டால் இங்கே ஆராதனையை நிறுத்தி டவுன் கோயிலோடு சேர்த்துவிடுவார்களாம். கைப்பிள்ளையோடு பஸ் ஏறிப் போய், தெரியாத சனத்துக்கு நடுவில் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. என் எழுத்து உருண்டையாக இருக்கும் என்று வீட்டுக்காரர் போதகரிடம் சொல்லி வைத்திருந்தார். அப்படித்தான் வாசல் பலகையும் வெண்கட்டியும் என் கைக்கு வந்தன. வாய் திறக்காமல் செய்கிற வேலைதானே என்று சந்தோசமாக வாங்கிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை

பலகை நிறைய நீளமான வேத வசனம் ஒன்றை எழுதினேன். கீழே ஆராதனை நேரம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுதி முடிக்க இரண்டு மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பலகையைத் தாண்டி உள்ளே போனார்கள், தாண்டி வெளியே வந்தார்கள். ஒரு கண் திரும்பவில்லை.

கோயிலுக்கு எதிரே காசிம் நானாவின் கடை. மிளகு, கொக்கோ வாங்குகிறவர். திங்கட்கிழமை தேங்காய் எண்ணெய் வாங்கப் போனபோது, அவரிடம்தான் மெதுவாகக் கேட்டேன், பலகையைப் பார்த்தீங்களா என்று. நானா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பார்த்தேன் தங்கச்சி. எழுத்து முத்து மாதிரி ஈக்குது. ஆனா அதுல மனுசர் ஒருத்தரும் இல்லையே!"

அன்னம்மா அக்கா வரவில்லை

மனுசரைப் போடத்தானே சொன்னார்? அடுத்த வாரம் போட்டேன். "அன்னம்மா. வருசம் பூராவும் கோயிலைக் கூட்டித் துடைக்கிறார். சபையின் நன்றி." பேரைப் பெரிதாக எழுதினேன். அந்த ஞாயிறு அன்னம்மா அக்கா வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தோட்டத்து லயத்தில் அவரோடு வரிசை வீடுகளில் இருக்கிற சனம் ஒருத்தருமே வரவில்லை. சனம் சேர்க்கப் போய், இருந்ததையும் கலைத்துவிட்டேனே!

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறினேன். அக்காவின் கண் வீங்கியிருந்தது. உடுப்பெல்லாம் மூட்டையாகக் கட்டி மூலையில் கிடந்தது. தோட்டத்து ஆபீஸ் பலகையில் பேர் வந்தால் இரண்டே காரணம்தான்: வேலை நின்றிருக்கும், இல்லாவிட்டால் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற கடுதாசி வந்திருக்கும். நாலு எழுத்துத் தெரிந்த யாரோ, பேரை மட்டும் வாசித்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதியதை அப்படியே சொன்னேன். அக்கா இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லதுக்கும் பலகையில பேர் போடுவாங்கன்னு யாரு புள்ள கண்டா?"

குடை

அன்றிலிருந்து கேட்டுத்தான் எழுதுவது. கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "எனக்கு என்னா கதை இருக்கு?" அவ்வளவுதான். நானும் பேசத் தெரியாதவள், பேசாமலே உட்கார்ந்திருப்பேன். எழும்பிப் போகப் பார்க்கும்போதுதான் கதை வரும். அன்னம்மா அக்காவும் அப்படித்தான் வாசலில் வைத்துச் சொன்னார். காய்ச்சல் பிள்ளையோடு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, வழியில் ஒரு சிங்கள அம்மா தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனாராம். யார், எந்த வீடு, ஒன்றும் தெரியாது. குடை மட்டும் இருக்கிறது.

அக்காவிடம் கேட்டுக்கொண்டு அதை எழுதினேன். காசிம் நானா அதைக் கடைக்கு வருகிற போகிற எல்லாரிடமும் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். எழுதி மூன்றாம் ஞாயிறு, ஆராதனை விடுகிற நேரம், கோயில் வாசலில் ஒரு அம்மா நின்றார். அக்கா ஓடிப்போய்க் குடையை நீட்டினார். அந்த அம்மா அதைக் கையில் வாங்காமல் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்: "குடைக்கு வரல்ல. புள்ளைக்கு சொகமான்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

எனக்கும் போடு

அதற்குப் பிறகு தொல்லை வேறு மாதிரி. அவளுக்கு மூன்று வரி, எனக்கு ஒரு வரியா? அவங்க வீட்டு ஆடு குட்டி போட்டதெல்லாம் வந்தது, என் மகன் சோதனை பாஸானது எங்கே? இந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கோயில் மணி அடிக்கிற ஞானமுத்து அண்ணன் ஒரு சனிக்கிழமை வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டார், தன் பேரும் வர வேண்டுமாம். என்ன நடந்தது அண்ணே என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "ஒன்னும் நடக்கல்ல. அதையே போடு புள்ள, ஞானமுத்துக்கு இந்த வாரம் ஒரு கொறையும் இல்லன்னு!"

போட்டேன். அந்த வாரம்தான் பலகைக்கு முன்னால் அதிகக் கூட்டம்.

அறுப்பின் பண்டிகை

மரவள்ளி, பூசணி, வாழைக்குலை என்று ஆளாளுக்குச் சுமந்து வந்தார்கள். உட்காருகிற வாங்குகளில் இடமில்லை; நானாவின் கடையிலிருந்து சாக்கு வாங்கி விரித்து உட்கார்ந்தார்கள். போதகர் அறிவித்தல் வாசிக்க எழும்பினார். ஒவ்வொன்றுக்கும் சனம் "தெரியும் ஐயா" என்றது. கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, இந்த ஆராதனையை இனி எங்கேயும் சேர்க்கத் தேவையில்லை என்று தானே மேலிடத்துக்குச் சொல்வதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு விட்டாரா? எப்படிச் சனம் சேர்ந்தது, முன்னால் வந்து சொல்லு மகள் என்றார். நான் பிள்ளையின் முதுகில் முகத்தை ஒளித்துக்கொண்டேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அப்போது சாக்கில் இருந்தபடியே அன்னம்மா அக்கா குரல் கொடுத்தார்: "அவள விடுங்க ஐயா! கேக்குறதுன்னா பலகையில எழுதிக் கேளுங்க!"

இன்றைக்கும் ஆராதனை எங்கள் ஊரிலேயே நடக்கிறது, சனிக்கிழமைகளில் என் வீட்டுச் சோறு மட்டும் பிந்தித்தான் வேகும், வழியில் நிறுத்திக் கதை சொல்கிறவர்கள் அவ்வளவு கூடிப்போனார்கள்.