மோதிர விரல்

சென்னையில் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பியானோ வாசிக்க முதன்முதலாக என்னைக் கூப்பிட்டபோது எனக்குப் பதினேழு வயது. எண்பதுகளின் தொடக்கம். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஊர் திரும்பும்போது விட்டுப்போன பியானோவில்தான் நான் வளர்ந்தேன். அவரிடம் தொடங்கிய பாடத்தைப் பிறகு வாராவாரம் சென்னைக்கு பஸ்ஸில் போய்த் தொடர்ந்தேன். சர்ச்சுகளிலும் பள்ளிக்கூட ஹால்களிலும் வாசித்து, என் பெயர் கொஞ்சம் வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

கச்சேரி நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பௌர்ணமிக்கு அம்மா என்னை மலை சுற்ற அழைத்துப்போனாள். அடி அண்ணாமலையில் ஒரு கடையில் வாழைப்பழம் வாங்கிக் கையில் வைத்திருந்தேன். குரங்கு வந்ததை நான் பார்க்கவில்லை. பழத்தைக் கையோடு சேர்த்து இழுத்தது, கடித்தது, ஓடிவிட்டது. வலது கை மோதிர விரலின் நுனி பிளந்து ரத்தம் கொட்டியது. வலி பிறகுதான் வந்தது. இந்த விரல் போய்விட்டது என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். "கடிச்ச காயத்துக்குத் தையல் போடக்கூடாதும்மா. தானா ஆறட்டும்."

"பியானோ வாசிக்கிற பொண்ணு சார்," என்றாள் அம்மா. "வெரல் பழையபடி வந்துருங்களா?"

"வெரல அப்புறம் பாக்கலாம். மொதல்ல வெறிநோய் ஊசி போடணும்."

அதைக் கேட்ட பிறகு அம்மா விரலைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் வயிற்றில் ஊசி. வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, நான் விழுங்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெறிநோய் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தொண்டை லேசாகக் கரகரத்தால்கூட எனக்கு உடம்பு சில்லிட்டுப்போகும். ஒருநாள் குடிக்கும்போது புரையேறியது. அம்மா சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. பொரைதான்."

"இன்னொரு வாய் குடி. நான் பாக்கணும்."

குடித்தேன். டம்ளர் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஊசிகள் முடிந்து, காயமும் ஆறி, கட்டைப் பிரித்த பிறகு பியானோவைத் திறந்தேன். விரல் மடங்கியது, ஆனால் நுனியில் உணர்வே இல்லை. பியானோவின் கட்டை அழுந்தியதா என்பதைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வரலைன்னு சொல்லிடலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா. வாசிக்கவும் பயமா இருக்கு, வுட்டுடவும் பயமா இருக்கு."

"சரி, சாப்புட்டு வந்து ஒக்காரு. இன்னும் நாள் இருக்குதில்ல."

அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாள் வந்துவிட்டது.

மேடையில் வயலின்கள் தொடங்கியபோது என் கைகள் மடியில் மரக்கட்டை போலக் கிடந்தன. வாசிக்க ஆரம்பித்த பிறகும் பயம் போகவில்லை. மோதிர விரல் இறங்கும் இடம் ஒவ்வொன்றும் இருட்டில் படி தேடுவது மாதிரி இருந்தது. வேகமான ஒரு இடத்தில் ஒலி வரவே இல்லை. அந்தச் சின்ன வெறுமையில் ஆர்கெஸ்ட்ரா என்னை விட்டு முன்னே போய்விட்டது. இடது கையை மட்டும் விடாமல் ஓட்டி, எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டேன். முடித்து எழுந்தபோது கைதட்டல் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல் மேடையை விட்டு இறங்கினேன்.

வெளியே வந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டாள். "தப்பு வந்துச்சா?"

"ஒரு எடத்துல."

"எனக்குத் தெரியல."

"ஆர்கெஸ்ட்ராக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவங்கதான் இப்ப என்னாண்ட வந்து, பெங்களூருக்கு உன்ன அனுப்புவீங்களானு கேட்டுட்டுப் போனாங்க."

பெங்களூருக்குப் போனேன். அதன்பின் பம்பாய், கல்கத்தா, சில வருஷங்களில் கடல் கடந்தும். விரலில் உணர்வு பாதிதான் திரும்பியது. அந்த முதல் தடவை, பெங்களூர் பஸ்ஸில் ஏறும்போதே என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. அம்மா என் வலப்பக்கம் உட்கார்ந்து, வழியில் போகிறவர்கள் யாரும் இடித்துவிடாதபடி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கையும் ஈரமாகத்தான் இருந்தது.