பச்சைப் பெட்டிக்கு நம்பர் போட்ட கதை

ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச்சை விட்டு வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே கன்னியப்பன் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மண்ணூர்பேட்டையிலிருந்து ஆவடி வரைக்கும் மிதித்து வந்ததில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் டூல் ரூமில் சி.என்.சி. மில்லிங் மெஷின் ஓட்டுபவர் அவர். வேலை நேரத்திலேயே என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் லீவு நாளில் தேடி வந்து நிற்கிறார் என்றதுமே வேகமாக அவரிடம் போனேன்.

"தங்கச்சி, கோச்சிக்காத. உன் பொட்டி செத்துப்போச்சு" என்றார்.

"எந்தப் பெட்டிடி?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற அம்மா. "ஷாப்ல இருக்கிற கம்ப்யூட்டர்மா" என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் கஸ்டமர் வருகிறார். அந்தப் பெட்டி ஓடினால் நான் புரோகிராமர். ஓடாவிட்டால் பழையபடி டிராயிங் போர்டு, கையில் பென்சில்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது ஏன் செத்தது என்பது உங்களுக்குப் புரியாது.

1. இருக்கிற காசுக்கு ஒரு கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, டூல் ரூமில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, எங்களுக்குக் குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் டூல் ரூம் முதலாளி ராஜரத்தினம் சார் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். புரோகிராம் கொடுத்தால் தானே வெட்டும் பழைய சி.என்.சி. மெஷின் ஒன்றை எங்கேயோ ஏலத்தில் எடுத்திருந்தார். புரோகிராமைக் கையால் கணக்குப் போட்டு நானும் சாரும் எழுதித் தர, மெஷினின் பேனலில் கன்னியப்பன் அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டவேண்டும். நேர்கோடு, வட்டம் என்றால் சரி. வளைந்து நெளிந்து போகும் வடிவம் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து முழிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குக்கர் கம்பெனி கைப்பிடிக்கு மோல்டு கேட்டது. கைப்பிடியில் நேரான இடம் என்று ஒரு விரற்கடை கிடையாது. அந்த வடிவத்தை முதலில் காப்பரில் வெட்டவேண்டும், அதை எலெக்ட்ரோடு என்பார்கள். பிறகு அந்தக் காப்பர் ஸ்பார்க் மெஷினில் இறங்கி, இரும்பில் அதே வடிவத்தில் பள்ளம் பறிக்கும். இதற்குக் கம்ப்யூட்டரில் வரைந்து, கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதிக் கொடுக்கவேண்டும். எங்களால் முடியாவிட்டால் வேலை பெங்களூருக்குப் போய்விடும்.

பெரிய கம்பெனிக் கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் வாங்கினோம். சார் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இந்த விலைக்கு ஒரு ஷெட்டையே வாடகைக்குப் பிடிக்கலாம்மா ஸ்டெல்லா."

"சார், பார்ட்ஸா வாங்கி நாமளே அசெம்பிள் பண்ணிடலாம். மூணுல ஒரு பங்குல முடிச்சிடுவேன்" என்றேன். அம்பத்தூர் ஓ.டி.யில் என் தோழி மேரி நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் சாயங்கால வகுப்புக்குப் போய்வந்த தைரியம்.

"ஓடுமா?"

"ஓடும் சார்."

"ஓடலேன்னா பொட்டிய வித்துடுவேன், நீ பழையபடி போர்டுல நிக்கணும். அப்புறம் கண்ணக் கசக்கக் கூடாது."

சாஃப்ட்வேரை டீலர் ஒருவர் சோதனைக்குக் கொடுத்தார். ஆர்டர் வந்தால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. மற்றதற்கு, எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடையாய் நடந்தேன். மானிட்டர் சின்னது போதும் என்றேன். பிரிண்டர் வேண்டாம். மவுஸ் இருப்பதிலேயே மட்டமானது. ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன், அது கோ-பிராசஸர். 386 என்ற அந்தக் காலக் கம்ப்யூட்டர் போர்டில் அதற்கென்று ஒரு சதுரக் குழி காலியாக இருக்கும். அதில் ஒரு கறுப்புச் சில்லு உட்காரவேண்டும். தசமப் புள்ளிக் கணக்கையெல்லாம் அதுதான் போடும். டிசைன் சாஃப்ட்வேருக்கு அது இல்லாமல் வேலையே நடக்காது.

கடைக்காரர் அந்தச் சில்லின் விலையைச் சொல்லத் தயங்கினார். "மேடம், லெட்டர் அடிக்க இது எதுக்கு மேடம்? கலர் மானிட்டர் பெருசா போட்டுக்குங்க, பாக்க நல்லாருக்கும்."

"எனக்குப் பார்க்க நல்லா இருக்க வேண்டாம், கணக்கு வந்தா போதும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தார்.

2. கதவு வைத்த பெட்டி

கடைசியில் கேபினெட் வாங்கக் காசு போதவில்லை. எஸ்டேட்டில் இருந்துகொண்டு ஒரு தகரப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவதா என்று சாருக்கே ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வெல்டரிடம் அளவு கொடுத்தேன். அவர் கட்டைவிரல் தடிமனுக்கு ஆங்கிள் வைத்து, கீல் போட்டு, எலெக்ட்ரிக்கல் பேனல் மாதிரி கதவும் கைப்பிடியும் வைத்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கினோம். மெஷினுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டில் மிச்சம் இருந்தது, அதையே அடித்தார்கள். ஆடக் கூடாது என்று தரையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியும் விட்டார்கள்.

கன்னியப்பன் அண்ணன் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் 'டிவி பொட்டி'.

"படம் காட்ற பொட்டிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அலம்பல்? ஒரு சிப்பு வெட்டுமா அது?" என்று எனக்குக் கேட்கும்படி சொல்வார். மெஷின் சீவித் தள்ளும் உலோகத் தூளைத்தான் சிப்பு என்போம்.

எங்கள் ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. புது மெஷின் வந்ததும் நம்பர் கிடைத்துவிடாது. முதல் நல்ல ஜாப் அதிலிருந்து வந்தபிறகு, மெஷினைச் சுத்தமாகத் துடைத்து, கன்னியப்பன் அண்ணன் தன் கையால் மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதுவார். பதினொன்று வரை எழுதியாகிவிட்டது. என் பெட்டிக்கு நம்பர் இல்லை. சாயங்காலம் சைரன் ஊதியதும் எல்லோரும் நம்பர் சொல்லி மெஷினை ஆஃப் செய்வார்கள், நான் மட்டும் 'அது' ஆஃப் ஆச்சு என்பேன். சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

3. சனிக்கிழமை சுத்தம்

கஸ்டமர் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை காலை. கைப்பிடியின் வடிவத்தைச் சோதனைக்காக ஹைலம் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கட்டை ஒன்றில் வெட்டினோம். கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாகப் புரோகிராம் போகிறது, கன்னியப்பன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தட்டுவதற்கு அவருக்கு எதுவும் இல்லை. கட்டர் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, மதியத்துக்குள் கட்டைக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி எழுந்துவந்தது.

அவர் உள்ளங்கையால் அதைத் தடவினார். திருப்பித் தடவினார்.

"இந்த வளைவுக்கு எப்டிம்மா கணக்கு போட்ட?"

"நான் போடலைண்ணே. அதுதான் போட்டுச்சு."

 எனக்குச் சாயங்காலம் சர்ச்சில் பாடகர் குழுப் பயிற்சி. புரோகிராமை ஃபிளாப்பியில் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சந்தோஷமாக ஆவடி ரயிலைப் பிடித்தேன்.

நான் போனபிறகு நடந்ததைத்தான் சர்ச் வாசலில் அண்ணன் சொன்னார். சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் எல்லா மெஷினுக்கும் சுத்தம். ஏர் கன்னால் சிப்பை ஊதி, துணியால் துடைத்து, ஆயில் விடவேண்டும்.

"எல்லாத்துக்கும் பண்றத தான் தங்கச்சி பண்ணேன். கதவத் தொறந்து நல்லா ஏர் அட்ச்சேன். காலைல உள்ள ஒரு ஃபேனு மொனகினு இருந்துச்சு, அதுக்கு ரெண்டு சொட்டு ஆயிலு உட்டேன். அப்பால மொதலாளி வந்து இன்னொரு தபா பாக்கலாம்னு சுச்ச போட்டாரு. டப்புனு ஒரு சத்தம். அவ்ளோதான்."

எங்கள் கம்ப்ரஸர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். டேங்கில் சேர்கிற தண்ணீரை யாரும் ஒழுங்காக வடிக்கமாட்டார்கள். காற்றோடு தண்ணீர், துரு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து துப்பும். அதை என் போர்டின் மேல் துப்பியிருக்கிறது!

"ஏண்ணே? இத்தனை நாள் அதைத் தொடக்கூட இல்லையே, நேத்து மட்டும் ஏண்ணே?" என்று கத்தியே விட்டேன். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சைக்கிள் பெல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்பர் எழுதலாம்னுதான். தொடைக்காம எப்டி எழுதறது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஒரு மனுஷன் மதித்ததால் என் கம்ப்யூட்டர் செத்துப்போயிருக்கிறது. இதற்கு யாரைத் திட்டுவது?

4. அடுப்பில் வைத்த போர்டு

மதியம் ஷாப்பைத் திறந்தோம். சார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மாட்டியது நான்தானே, எது எங்கே என்று கை தானாகப் போனது. கம்பெனிக் கம்ப்யூட்டராக இருந்திருந்தால் சீலை உடைக்க பயந்துகொண்டு, திங்கட்கிழமை அவர்கள் ஆளுக்குப் போன் போட்டுக் காத்திருப்போம்.

பவர் சப்ளை தீய்ந்த வாசனை அடித்தது. அது போய்விட்டது. போர்டு நனைந்திருந்தது, ஆனால் கருகவில்லை. அந்தக் காலத்தில் சி.டி.சி. என்று ஒரு கிளீனிங் திரவம் கிடைக்கும். ஆளுக்குக் கெடுதல் என்று இப்போது நிறுத்திவிட்டார்கள், நல்லது. கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் போர்டையும் சில்லின் கால்களையும் கழுவினேன்.

அடுத்து உலர்த்தவேண்டும். நைலான் குருணையை மோல்டில் போடுவதற்கு முன்னால் ஈரம் போகக் காயவைக்கிற, டிரே வைத்த மின் அடுப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் குறைந்த சூட்டில் வைத்து, போர்டை உள்ளே தள்ளினேன்.

"ஏம்மா, பிஸ்கட்டா சுடறே?" என்றார் சார். பதற்றத்தில் அவருக்கு அன்றைக்குத்தான் நகைச்சுவை வந்தது.

பவர் சப்ளைக்கு என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெரு மூடியிருக்கும். மேரியின் சென்டரில் இருப்பவையும் என்னுடையதைப் போலவே அசெம்பிள் செய்தவைதான், அதே சப்ளை இதிலும் பொருந்தும். கன்னியப்பன் அண்ணன் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓ.டி. வரை மிதித்தார். மேரி முதலில் முடியாது என்றாள், அவளுக்கு மறுநாள் வகுப்பு இருந்தது.

"யம்மா, நாளைக்கு சாயங்காலம் நானே கொண்டாந்து மாட்டிக் குடுக்கறேன். இது என் தப்பு, தங்கச்சி தலைல வுட்றாத" என்றார் அண்ணன். மேரி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

திரும்ப வந்து எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டேன். பீப் சத்தம் வந்தது. சார் கைதட்டினார். சாஃப்ட்வேரைத் திறந்தால், கோ-பிராசஸர் இல்லை என்று திரையில் வந்து நின்றுவிட்டது.

எதை வாங்கக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றேனோ, அதுவே காலை வாருகிறது. ஆஃப் செய்து சில்லைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு காலில் பொடித் துரு ஒட்டியிருந்தது.  கன்னியப்பன் அண்ணன் டார்ச் அடித்துப் பிடித்துக்கொண்டார். துடைத்து, அழுத்தி உட்காரவைத்து மறுபடி போட்டேன். திரையில் கைப்பிடி எழுந்து நின்றது.

அண்ணன் குனிந்து அந்தச் சில்லைப் பார்த்தார். "இம்மாத்தூண்டு இதுதான் கணக்கு போடுதா?"

"இதேதாண்ணே."

"இதுக்கு மேலயா ஏர் அட்ச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

5. திங்கட்கிழமை

கஸ்டமர் கம்பெனி டூல் இன்ஜினியர் வந்தார், முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். ஹைலம் கட்டையைப் பார்த்தார். "இது நேத்தே பண்ணி வெச்சிருப்பீங்க. எனக்கு முன்னால பெருவிரல் படற இடத்துல வளைவை மாத்திக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

மாற்றினேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் புதுப் புரோகிராம் தயார். அந்தச் சில்லு இல்லாமல் இருந்திருந்தால் அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். காப்பரில் வெட்டிக் கையில் கொடுத்ததும் விரலை வைத்துப் பார்த்தார், தலையாட்டினார்.

"எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் இது? பச்சைல நான் பாத்ததே இல்லையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியப்பன் அண்ணன் முந்திக்கொண்டார். "நம்ப கம்பெனிதான் சார். பொட்டி நம்ப வெல்டிங்கு, உள்ள கீறதெல்லாம் தங்கச்சி பண்ணது."

அந்த மனிதர் அப்போதுதான் சிரித்தார். மோல்டு ஆர்டர் எங்களுக்கு வந்தது. அவர் போனதும் ராஜரத்தினம் சார் என்னைக் கூப்பிட்டார். "அந்த டிராயிங் போர்டை மடக்கி வெளிய வெச்சிடும்மா. அந்த எடத்துல உனக்கு ஒரு நல்ல சேர் போடணும்."

அன்று சாயங்காலமே ரிச்சி தெருவில் புதுச் சப்ளை வாங்கிப் போட்டோம், மேரியுடையதை அண்ணன் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் போனால் பச்சைக் கதவில் மஞ்சளாக 12. பெயிண்ட் இன்னும் காயவில்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஏர் அடிக்கக் கூடாது'. நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அன்று சைரன் ஊதியதும், "பன்னெண்டு ஆஃப்!" என்று ஷாப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

பிறகு அந்தப் பெட்டிக்குள் 486 வந்தது, அதற்கு மேலானதும் வந்தது. உள்ளே இருப்பதை எத்தனையோ தடவை மாற்றினோம். கதவை மட்டும் மாற்றவில்லை.

இப்போது சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காசு குறைவாக இருந்தால் பெட்டியில் குறையுங்கள், திரையில் குறையுங்கள், கணக்குப் போடுகிற இடத்தில் குறைக்காதீர்கள். அதோடு, புது மெஷின் வந்த அன்றே, சனிக்கிழமை அதைத் துடைக்கப்போகிறவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, கதவைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டிவிடுங்கள். நம்பர் எழுதப்போகிறவரும் அவர்தான்.