செல்லாமல் போன முதல் ஓலை

கல்யாண ஓலை என்றால் என்னவென்று இப்போது ஊழியத்துக்கு வரும் தம்பிகள் பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. மணமக்களின் பெயர், பெற்றோர் பெயர், ஊர் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்பு சபைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். அதை நான் ஒருமுறை பொய்யாக வாசித்தேன்.

1. நீட்டிய தாள்

நான் கீழ்வேளூர் காலனியில் பிறந்தவன். ஊர்ப் பையன்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விசா தேடி அலைந்த நாளில், கனடாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபைக்குப் போதகராகப் போனேன். அங்கே சபைப் பெரியவர்களான மூப்பர்கள் கூடி முடிவெடுப்பார்கள். போதகர் அதை அறிவிப்பார். பத்து வருஷம் அப்படிப் பழகிய வாயோடு லீவில் தஞ்சாவூர் வந்தேன். அங்கே ஒரு சபையில் போதகர் உடம்பு முடியாமல் படுத்திருந்ததால் ஆராதனையை என் தலையில் கட்டினார்கள்.

சபைச் செயலாளர் தன் மகளின் கல்யாண ஓலையைக் கொண்டுவந்து நீட்டினார். போதகரை ஐயர் என்று கூப்பிடுவதுதான் எங்கள் சபைகளில் வழக்கம். "கனடா ஐயர் வாசிச்சா எங்களுக்குப் பெருமைங்க. மாப்பிள்ளை சாப்ட்வேர். சொந்த ஊரு கீழ்வேளூர் காலனிதான். ஆனா சென்னைன்னே வாசிச்சிடுங்க. நாலு பேர் இருக்கிற எடம், புரியுதுல்ல?"

நன்றாகவே புரிந்தது. காலனி என்றால் சாதி தெரிந்துவிடும். மகளைக் கொடுக்கலாமாம், மாப்பிள்ளையின் ஊரை மட்டும் சொல்லக் கூடாதாம். அடேயப்பா, என்ன நியாயம்! என் ஊரும் அதுதான் என்று அந்த மனுஷனின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாளை வாங்கினேன், அப்படியே வாசித்தேன்.

2. ரூத்தக்கா

ஆராதனை முடிந்ததும், ஓலை வாசிப்பதைக் கேட்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ரூத்தக்கா வாசலில் மறித்தார். எங்கள் தெருக்காரர், நடவுக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்.

"ஏன்ப்பா, நான் என்ன மெட்ராஸ்லயா புள்ள பெத்தேன்? அவங்க எழுதுவாங்க. உனக்கு எங்க போச்சு புத்தி? ஊரு பேர மறைச்சாத்தான் எம்புள்ளைக்குப் பொண்ணு கிடைக்கும்னா அந்தக் கல்யாணமே வேணாம்."

அன்று மதியமே அந்தத் தாளை எடுத்து, சென்னையை அடித்துவிட்டுக் கீழ்வேளூர் காலனி என்று எழுதினேன்.

3. அடுத்த ஞாயிறு

"போன வாரம் நான் வாசித்தது தப்பான ஓலை. அது செல்லாது. இன்றைக்குத்தான் முதல் ஓலை" என்று அறிவித்தேன். கீழ்வேளூர் காலனி என்று நிறுத்தி வாசித்தேன். "எனக்கும் அதே தெருதான்" என்றேன். பிறகு, ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். "என்னங்க ஐயா இது, அநியாயமா இருக்கு! மூணாவது ஓலை முடிஞ்ச மறுநாள் கல்யாணம். மண்டபம் பிடிச்சாச்சு, பத்திரிகை குடுத்தாச்சு. இப்ப வந்து மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா எப்படி?"

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மகள் எழுந்தாள்.

"ஒரு வாரம் தள்ளி வைங்கப்பா. பத்திரிகையையும் வேற அடிங்க. அதுலயும் அவங்க ஊரு பேரு இல்ல."

கல்யாணம் ஒரு வாரம் தள்ளித்தான் நடந்தது. செயலாளர் மேல் இருந்த கோபம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. என் மேல் உள்ளதுதான் ஆறவில்லை. பொய்யை எழுதியவர் அவர். சபை முன்னால் நின்று சொன்னவன் நான். தம்பிகளே, யார் நீட்டினாலும், தெரிந்த பொய்யை வாசிக்காதீர்கள். உங்களை வாசலில் மறித்துக் கேட்க ஒரு ரூத்தக்கா இருப்பார் என்று நிச்சயமில்லை.