டிக் டிக் அக்கா போட்ட புது மாத்திரை

அந்த வீட்டில் மூத்த மருமகளுக்கும் நெஞ்சில் கோளாறு, இளைய மருமகளுக்கும் நெஞ்சில் கோளாறு. இதிலுமா போட்டி என்று கேட்காதீர்கள். ஓரகத்திகளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

மூத்தவளின் இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அது அடிப்பது பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். தெருப் பிள்ளைகள் அவளுக்கு ‘டிக் டிக் அக்கா’ என்றே பெயர் வைத்துவிட்டன. வால்வில் ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. அதோடு முடிந்ததா? மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் பார்க்க வேண்டும். கீரையை அளந்து தின்ன வேண்டும். காய்ச்சலுக்கு ஏதாவது விழுங்கினாலும் கணக்கு மாறிப்போகும்.

இளையவளுக்கு வால்வெல்லாம் சரி. துடிப்புதான் அவ்வப்போது தாளம் தப்பும். ரத்தம் உறையாமலிருக்க அவளுக்கும் மாத்திரை உண்டு, ஆனால் புது ரகம். மாதாமாதம் குத்தல் இல்லை, கீரைக் கணக்கும் இல்லை. முன்னறையில் அவள் மெஷினில் சட்டை தைப்பாள். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். மதியம் இளையவள் கீரையை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது மூத்தவளுக்கு வயிறு பற்றி எரியும்.

“கொடுத்து வச்சவடி நீ. வியாதியிலகூட சொகுசா ஒண்ணு பாத்து வாங்கியிருக்க.”

“எரியுற கொள்ளியில எது நல்ல கொள்ளிக்கா?” என்று இளையவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிக்கும்.

ஒருநாள் குப்பைக்கூடையில் இளையவள் போட்ட காலி மாத்திரை அட்டை கிடந்தது. மூத்தவள் சும்மா இருந்திருக்கலாம். எடுத்து ஊசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். மறுநாள் மருந்துக்கடையில் காட்டினாள். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தார், பாவி மனுஷன்! பழைய மாத்திரை அலமாரி மூலைக்குப் போயிற்று. அன்று மதியம் கிண்ணம் நிறையக் கீரை தின்றாள். என்ன ருசி!

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. நெஞ்சுச் சத்தம் மங்கிக்கொண்டே வந்தது. மருந்தின் மகிமை என்று பூரித்துப்போனாள். படியேறினால் மூச்சு வாங்கியது. பழியை வயசின் மேல் போட்டாள்.

நூல் மாற்ற மெஷினை நிறுத்திய இளையவள் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, உன் சத்தம் எங்க?”

“இனிமே நானும் உன்னை மாதிரிதான்டி. உன் மாத்திரைதான் போடுறேன்.”

இளையவள் மெஷினை விட்டு எழுந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் வண்டி பிடித்து அக்காவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டியிருந்தது. டாக்டரம்மா வெடித்தார்.

“பொறாமைப்பட வேற பொருளே கிடைக்கலையா? ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு பல தினுசு. கல்லீரல்தான் செய்யுது. உங்க பழைய மாத்திரை அதுல நாலஞ்சைச் சேத்துக் குறைக்கும். கீரையில இருக்கிற சத்து அந்தச் சரக்கைக் கூட்டும், அதான் அளவு. அந்த மாத்திரையைச் சிதைச்சு வெளியேத்துறதும் அதே கல்லீரல்தான். ஆளுக்கு ஆள் வேகம் மாறும், அதான் குத்திப் பாக்குறோம். புது மாத்திரை ஒரே ஒரு சரக்கைத்தான் தடுக்கும். துடிப்பு தப்புற இவங்களுக்கு அது போதும், உங்க உலோகத்துக்குப் போதாது!”

இரண்டு நாள் கட்டியைக் கரைக்கும் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பிழைப்பாள் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் இளையவள் அவள் நெஞ்சில் காதை வைத்தாள். டிக். டிக்.

“அடிக்குதுக்கா!” கோவென்று அழுதாள். “மெஷினை நிறுத்தினதும் இந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரே வரும். என் நெஞ்சு எப்பத் தப்பும்னு பயந்துக்கிட்டே கிடக்கேன். உன்னுது மட்டும் பிசகாம அடிக்குதேன்னு எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?”

மூத்தவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

“என்னைப் பாத்தா வயிறெரிஞ்ச? நெசமாவா? எங்க, இன்னொரு தடவை சொல்லு.”