காதணி பேனரில் ஒரு காலி இடம்

போடியில் ஒரு அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே மஸ்கட்டில் இருப்பவன் கையைப் பிடித்துப் படம் போட வைக்கிறாள் என்ற செய்தி, 2009 ஆவணியில், தேவாரம் வழியாகப் போடிக்கு வரும் பேருந்தில் செல்வினுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. அவன் கம்பத்தில் வாங்கிய கல்யாணப் பத்திரிகை அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தான். முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"நெசமாத்தான் சொல்றேன். எங்க நாத்தனா மக பாத்திருக்கா. அந்தம்மா இங்கன மவுச அசச்சா, அங்கன அவன் கை ஆடுதாம்."

"கையேவா?"

"கையேதான்."

"அப்ப அந்தம்மா கோவத்துல மவுசத் தூக்கி எறிஞ்சாகன்னா?"

"அவன் கட்டில்ல இருந்து விழுந்துருவான், வேற என்ன!"

செல்வின் அட்டைக் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். பேருந்து நிலையத்திலிருந்து கடைக்கு நடந்தான் என்று சொல்ல முடியாது, ஓடினான். அந்த அம்மா அவன் மனைவி மகிமா.

"டீச்சரம்மா, இனிமே மவுசப் பாத்து வைங்க. மஸ்கட்ல உசுருச் சேதம் ஆகப்போகுது."

மகிமா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கட்டில்ல இருந்து விழுந்தாலும் காதை அறுக்கிறத நிறுத்த மாட்டாரு அந்த ஆளு."

அவள் வடுகபட்டியில் பிறந்தவள். தொண்ணூற்றாறில் மதுரையில் மூன்று மாதம் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கக் கற்றுக்கொண்டு, மறு வருடம் போடி கடைவீதிக்கு மருமகளாக வந்தாள். மாமனார் அய்யாத்துரையின் நோட்டுப் புத்தகக் கடையில் பசை பாட்டில்களை ஒதுக்கிவிட்டு ஒரு கம்ப்யூட்டருக்கு இடம் பிடித்தாள். முதலில் கல்யாணப் பத்திரிகை. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பத்தடிக்கு எட்டடி பேனரில் நாற்பது தலைகளைச் சண்டை வராமல் அடுக்குவது எப்படி என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுவதிலும் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு. அது அவ்வளவு பொய்யும் இல்லை. சடங்கானாலும் காதணி விழாவானாலும் முதலில் தாய்மாமன் தலை, அப்புறம்தான் மற்ற தலைகள். அந்தத் தலை சிறுத்தாலே பேச்சு வரும். விட்டுப்போனால் பேச்சே நின்றுவிடும்.

பாடம் சொல்லிக்கொடுப்பது தானாக வந்து ஒட்டிக்கொண்ட வேலை. கடையில் பத்திரிகை அடித்து, கல்யாணம் முடிந்து, சிங்கப்பூர் போன நதியா என்ற பெண், "அக்கா, இந்த டிசைன எனக்குச் சொல்லித் தரமுடியுமா? பகல்ல வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று மெயில் போட்டாள். கடைக்கு அப்போதுதான் பிராட்பேண்டு வந்திருந்தது. ஸ்கைப்பில் பேச்சு, டீம்வியூவர் என்ற மென்பொருளில் அவள் திரை இங்கே தெரியும், இங்கிருந்தே அவள் மவுஸை நகர்த்தலாம். அவள் சொல்லி, மூணாறுப் பக்கம் எஸ்டேட் ஆபீஸ் எழுத்தர் பேச்சிமுத்து வந்தார். மூன்றாவதாக வந்தவர் மஸ்கட்டில் இருக்கும் திலீபன்.

வகுப்பு நேரத்தை மின்வெட்டு அட்டவணைதான் முடிவு செய்தது. திலீபனுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மஸ்கட்டில் அன்று விடுமுறை. எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரே கம்ப்யூட்டர். அதைச் சுற்றி எட்டுப் பேரும் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள், பல் விளக்கிக்கொண்டே.

"மேடம், அம்பு தானா ஓடுது மேடம்!"

"நான்தான் பிடிச்சிருக்கேன். நீங்க விடுங்க."

"விட்டுட்டேன் மேடம்."

"அப்ப எதுக்கு இழுக்குது?"

"பழக்கத்துல பிடிச்சுட்டேன் மேடம்."

பின்னாலிருந்து யாரோ, "மேடம், காது போச்சு!" என்று கத்துவார்கள்.

காதுதான் திலீபனுக்குக் கண்டம். புகைப்படத்தில் ஆளைச் சுற்றிக் கோடு இழுத்துப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். அவர் வெட்டினால் காது பின்னணியோடு போய்விடும். தலைமுடி தேங்காய் சிரட்டையைக் கவிழ்த்தது போல் ஆகிவிடும். மச்சான் கர்ணனை வெட்டி அனுப்பச் சொன்னால் ஒற்றைக் காதோடு கர்ணன் வந்தார். மறுவாரம் அந்தக் காதும் இல்லை.

"இன்னிக்கு யாரு காத அறுத்தாரு உங்க மஸ்கட்டு?" என்பது வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் செல்வின் கேட்கும் கேள்வி.

ஒன்பது மாதம் இப்படியே ஓடியது. வீடியோவைப் போட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்பதால் மகிமா திலீபனின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூதான் இருக்கும். முகம் தெரியாத ஒருவருக்குக் கை வேலை சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கடைவீதியே கேட்டது. அவளும் தன்னையே கேட்டுக்கொண்டாள். பேருந்துப் பெண்களிடம் இருந்த நம்பிக்கையில் பாதிகூட அவளிடம் இல்லை.

அப்போதுதான் திலீபன் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு செய்தி சொன்னார். மஸ்கட்டிலேயே ரூவி என்ற இடத்தில் மலையாளி ஒருவரின் அச்சகத்தில் டிசைனர் வேலை காலி. அந்த முதலாளிக்குச் சான்றிதழ் வேண்டாம். "நீ செஞ்சது எங்கயாவது தொங்கணும். தொங்குறதப் போட்டோ எடுத்துக் காட்டு" என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள். அதே ஞாயிறு காலையில் ஆண்டிபட்டியில் திலீபனின் தங்கை விஜியின் மகன் மகிழனுக்குக் காதணி விழா.

"காத அறுக்கிற ஆளு காதுகுத்துக்குப் பேனரா!" என்று செல்வின் தொடையில் தட்டிக்கொண்டான்.

திலீபன் போட்ட பேனரைத் திரையில் பார்த்தபோது மகிமா எழுந்தே நின்றுவிட்டாள். நாற்பது தலை இல்லை, ஒன்பதுதான். அதற்கு மஸ்கட்டுக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையில் ஒரு வாரம் போனில் போர் நடந்திருந்தது. இடப்பக்கம் மொட்டைத் தலையோடு சிரிக்கும் மகிழன். பின்னால் மழை பெய்து ஓய்ந்த மலை. வலப்பக்கம் மேலே, வெறும் நீல வானம். ஒன்பது தலைக்கும் காது இருந்தது. ஆனால் காதுகளைப் புகழக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வானம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"இந்த எடம் மூச்சு விடுதுங்க திலீபன். இத்தன மாசமா நான் கத்துனது இதத்தான். இதுல கை வைக்காதீக."

திரையில் அம்பு அந்த வானத்தில் ஒரு வட்டம் போட்டு நின்றது.

"சரி மேடம்" என்றார் திலீபன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு விஜி வந்தாள். தேனியில் அச்சாகி வந்த பேனரை வாங்கிப்போக அவள் புருஷன் கர்ணன் வருவதாகத்தான் இருந்தது. அண்ணனின் டீச்சரைத் தன் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்று இவள் பேருந்து ஏறிவிட்டாள். இடுப்பில் மொட்டைத் தலை மகிழன், கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"டீச்சரக்கா, நீங்கதானா! நான் என்னமோ சேலைய மடிச்சுப் பின் குத்தி, பெரம்பு வச்சிருப்பீகன்னு நெனச்சேன்."

"பெரம்பு மஸ்கட்டு வரைக்கும் எட்டாதும்மா."

இருவரும் சிரித்துக்கொண்டே பேனரைத் தரையில் விரித்தார்கள். மகிழன் தன் முகத்தைப் பார்த்து அதன்மேல் தவழ்ந்து ஏறினான். விஜி ஒவ்வொரு தலையாக விரல் வைத்துக்கொண்டே போனாள். மாமனார், மாமியார், கறுப்புக் கண்ணாடி போட்ட கொழுந்தன், கறுப்புக் கண்ணாடி போட்ட இன்னொரு கொழுந்தன். ஒன்பதாவது தலையில் விரல் நின்றது. பிறகு முதலிலிருந்து திரும்ப எண்ணினாள்.

"எங்கண்ணன் எங்க?"

மகிமா குனிந்து தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஐந்நூறு பேனர் அடித்தவள். தாய்மாமன் தலையை வைக்காமல் ஒன்றுகூட அடித்ததில்லை. இந்த ஒரே ஒரு பேனரை வீட்டுப்பாடமாகப் பார்த்தாள், பேனராகப் பார்க்கவில்லை.

"தாய்மாமன் இல்லாத பேனரா? அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கிறதில்லன்னுல்ல ஊரு சொல்லும்! கொழுந்தனுக ரெண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறாக, எங்கண்ணன் போட்டுக் குடுத்த பேனர்ல எங்கண்ணன் இல்ல. இதத் தொங்க விடுறதுக்குப் பேனரே இல்லாம இருந்துக்கிறேன்." அழ ஆரம்பித்தவள் அடுத்த மூச்சில் சிரித்தாள். "கூறுகெட்ட பய. தலைய எண்ணி எண்ணிக் கொறச்சு, தன் தலையையும் கொறச்சுட்டானே!"

தொங்காவிட்டால் போட்டோ இல்லை. போட்டோ இல்லாவிட்டால் ரூவி இல்லை.

மகிமா தேனி அச்சகத்துக்குப் போன் போட்டாள். மெஷின் ஓட்டும் தவசி, "அஞ்சரைக்குள்ள குடுத்தீகன்னா அடிச்சுத் தாரேங்க்கா. ஆறுக்குக் கரண்டு போயிரும், அப்புறம் சாமி வந்தாலும் முடியாது" என்றான். கோப்பு பெரிது, மெயிலில் போய்ச் சேர ராத்திரியாகிவிடும். சி.டி.யில் கொண்டுபோகச் செல்வின் கடை வாசலில் பைக்கை முடுக்கி நிறுத்திக்கொண்டான்.

"அண்ணன் போட்டோ இருக்காம்மா?"

"ரேஷன் கார்டுல சின்னப் பிள்ளையா, அப்பா மடியில இருக்கு."

மகிமா திலீபன் அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்தாள். எங்கே ஒரு தலையைச் செருகலாம் என்று பார்க்கத்தான். ஓரத்தில் அடுக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு படமும் தனித்தனி அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயர் வைக்கச் சொல்லி அவள்தான் திட்டியிருந்தாள். மலை, வானம், மகிழன், மாமா, அத்தை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் குட்டிக் கண் படம், அந்த அடுக்கு தெரிகிறது என்பதற்கு அடையாளம். கடைசியில் ஒரே ஒரு அடுக்குக்கு மட்டும் கண் மூடியிருந்தது. பெயர், ஆங்கில எழுத்தில், 'மாமன்'. வேண்டாம் என்று தோன்றினால் அழிக்காதீர்கள், கண்ணை மூடி வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

கிளிக் செய்தாள்.

வலப்பக்க நீல வானத்தில் ஒரு ஆள் வந்து நின்றார். ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் மூச்சு விடுகிறது என்று புகழ்ந்த இடம், அவர் நின்ற இடம். சுருட்டை முடி. ஒவ்வொரு சுருளும் காற்றில் பிரிந்து, வானம் இடையில் தெரிய, வெட்டு விழுந்ததே தெரியாமல் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு காதும் இருந்தன.

"என்னங்க!" என்று மகிமா வாசலைப் பார்த்துக் கத்தினாள். "காது பாருங்க! முடியப் பாருங்க! இந்த வெட்டு எனக்கே வராதுங்க!"

செல்வின் பைக்கை விட்டுவிட்டு ஓடிவந்தான். முகம் தெரியாத மாணவனின் முகத்தை மூவரும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் மகிமா சட்டையைப் பார்த்தாள். காக்கிச் சட்டை, மார்பில் ஏதோ கடையின் பட்டை, தோளில் சுமைத் துணி. வீட்டில் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லி வைத்திருப்பதாகத் திலீபன் ஒருமுறை அவளிடம் சொல்லியிருந்தார். திரையை மறைக்கலாமா என்று கை எழுந்தது. விஜி அதற்குள் மூக்குத் திரையில் படும் அளவுக்கு வந்துவிட்டாள்.

"மூட்டை தூக்குறான்னு எனக்குத் தெரியாதாக்கும்! சூப்பர்வைசருக்கு எதுக்குத் தோள்வலித் தைலம்? மாசம் மூணு டப்பா அனுப்புறேன்." மூக்கை உறிஞ்சினாள். "நல்லாத்தான் இருக்கான். அப்படியே போடுங்க."

"ஊர்ல எல்லாரும் பாப்பாகளே..."

"பாக்கட்டுமே!"

"ஒரு கோட்டு மாட்டி விட்டுறவா? ரெண்டு நிமிஷ வேலை" என்றான் செல்வின். உண்மைதான். எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு மகிமா கோட்டு மாட்டியிருக்கிறாள்.

ஆனால் அவள் கை நகரவில்லை. காக்கியா, கோட்டா, கண்ணை மூடியபடியே விடுவதா? மூடியது அவர். உங்கள் படத்தில் கேட்காமல் கை வைக்க மாட்டேன் என்று முதல் வகுப்பிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள். சொல்லாமல் வைத்து, நாளை அவர் ஊர் முன்னால் தலை குனிந்தால் அந்த முடி வெட்டுக்கு என்ன மரியாதை?

"கேட்டுக்கிறேன்" என்று எண்ணை அழுத்தினாள்.

மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். மஸ்கட்டில் மூன்று இருபது. லாரி இறங்கும் நேரம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். வாசலில் பைக் உறுமியது. அங்கே திரும்பிப் போயிருந்த செல்வின் நாலு விரலைக் காட்டினான், தேனிக்குப் புறப்பட நாலு நிமிடம்தான் இருக்கிறது என்று.

"எடுறா அண்ணே, எடுறா" என்று விஜி போனைப் பார்த்துக் கெஞ்சினாள்.

மகிமாவின் விரல் நிலைகொள்ளாமல் அந்தக் குட்டிக் கண்ணைத் தட்டியது. மாமன் மறைந்தார். மறுபடி தட்டினாள். மாமன் வந்தார். விஜியின் இடுப்பிலிருந்த மகிழன் கெக்கலி கொட்டிச் சிரித்தான். மறுபடி மறைந்தார். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தது. வந்தார். வீல் என்று சிரிப்பு.

"அந்தா மாமா! காணோம்! அந்தா மாமா!" விஜிக்கும் அழுகை போய்ச் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. மகிமாவும் சிரித்தாள், கண்ணாடி நழுவ நழுவ. திரையில் சுருட்டை முடிக்காரர் வந்து வந்து போனார்.

மூன்று சிரிப்புக்கும் நடுவில், மேசைமேல், மஸ்கட்டுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது.