ஊசிக்குப் பயந்த தம்பி

ஓடைப்பட்டிச் சங்கிலியம்மாளின் வாயில் விழாத ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு பழம் வெட்டுகிறவர்கள், மருந்தடிக்கிறவன், லாரியோடு வருகிற வியாபாரி என்று ஒருவர் பாக்கியில்லாமல் வைவாள். புருஷன் கர்ணன் பாவம், கல்யாணமான நாளிலிருந்து "ம்" போட்டே காலத்தை ஓட்டியவர். ஆனாலும் வசவில் பெரிய பங்கு தம்பி ராக்கப்பனுக்குத்தான். கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கிறவன். முறுக்கிய மீசையோடுதான் டீக்கடைக்கே போவான். "மீசைக்குப் போடுற எண்ணெயை மண்டைக்குப் போட்டிருந்தா உள்ள ஏதாச்சும் மொளச்சிருக்கும்" என்பாள் இவள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் போன வருஷம் ரத்தப் புற்றுநோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, ஒருவழியாய் ரத்தம் சுத்தமாகி வீடு திரும்பினாள். ஊர் சும்மா இருக்குமா? பப்பாளி இலைச் சாறு கொடுத்தவள், மந்திரித்த கயிறு கட்டியவன் எல்லாரும் ஆளுக்கு ஆள் தாங்கள்தான் காப்பாற்றியதாகப் பீற்றிக்கொண்டு திரிந்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் ஈறில் ரத்தம் கசிந்தது. போன நோய் திரும்பி வந்துவிட்டது. பப்பாளிச் சாற்றுக்காரி அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் ஜெபஷீலா போடிக்காரி. பூசி மெழுகாமல் பேசுவாள். உலகத்தில் சங்கிலியம்மாள் மதித்த ஒரே ஆள் அவள்தான்.

"திரும்பி வந்த நோய் மொரட்டு நோயம்மா. மறுபடி கீமோ குடுத்து அடக்கிப் பாக்கலாம். அடங்குனாலும் அப்படியே விட்டா சீக்கிரமே தலைதூக்கிரும். சில பேருக்குப் புது மாத்திரைக இருக்கு, உங்க நோய்க்கு அது பொருந்தல. அடங்குன கையோட உங்க தம்பி ரத்தத்துல இருந்து ஸ்டெம் செல், அதாவது புது ரத்தம் ஊற வைக்கிற செல் எடுத்து உங்களுக்கு ஏத்தணும். அதுலயும் பத்துப் பேருக்கு மூணு நாலு பேருதேன் நீண்ட நாள் தப்பிக்கிறாக. எதுவுமே வேண்டாம்னாலும் தப்பில்ல. வலி தெரியாம வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம்."

"அந்த மூணு பேருல ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்" என்றாள் சங்கிலியம்மாள்.

கன்னத்துக்குள் பஞ்சை வைத்துத் தேய்த்துச் சோதித்ததில் ராக்கப்பன் முழுசாய்ப் பொருந்தினான். சந்தோஷத்துக்குப் பதில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. போயும் போயும் இந்தப் பயலிடமா உயிர்ப்பிச்சை!

கீமோவில் நோய் அடங்கியது. தம்பி வர வேண்டியதுதான் பாக்கி, அவனைக் காணோம். போன் போட்டால் தோட்டத்து மோட்டார் ரிப்பேர் என்றான். மறுபடி போட்டால் மாட்டுக்குக் காய்ச்சல் என்றான். பிறகு எடுப்பதையே விட்டுவிட்டான். நாளைக் கடத்தினால் நோய் மறுபடி கிளம்பிவிடும் என்று ஜெபஷீலா சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த லட்சணத்தில், அக்காவுக்காக நேர்ந்துகொண்டு வீரபாண்டித் திருவிழாவில் அவன் அக்கினிச்சட்டி எடுத்தான் என்று கர்ணன் வந்து சொன்னார். சங்கிலியம்மாள் தம்பி பெண்டாட்டி போனுக்கு அடித்து அவனைப் பிடித்தாள்.

"ஏலே, நெருப்புச் சட்டியைத் தூக்குவியாம், ஊசின்னா மட்டும் ஒனக்குப் பேதி புடுங்குதோ? த்தூ! நீயெல்லாம் ஒரு ஆம்பளை! இங்கன ஒருத்தி சாகக் கெடக்கா, நீ அங்கன கொட்டுக்கு ஆடிக்கிட்டுத் திரியிற!"

ராக்கப்பன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் வந்து சேர்ந்தான். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பின்னாலேயே பெண்டாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். இந்த ஆளை நம்பமுடியாது, முதலில் செல்லை எடுத்து உறைய வைத்துக்கொண்டு அப்புறம் அக்காவைத் தனியறையில் அடைத்து அதை ஏற்றலாம் என்று முடிவு செய்தாள் ஜெபஷீலா. செல் பெருகுவதற்கு அவனுக்குத் தினமும் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எலும்பெல்லாம் வலிக்குது என்றான். மருந்தால் வரும் வலி, இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். "சிங்கத்துக்கு வலிக்குதாம்" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாள் சங்கிலியம்மாள்.

செல் எடுக்கிற அன்று அவனது இரண்டு கையிலும் குழாய். பக்கத்தில் மெஷின் ஓடியது. முகக்கவசம் கட்டிக்கொண்டு சங்கிலியம்மாள் அருகில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியவன் திறக்கவே இல்லை. வெளியே வராந்தாவில் அவன் பெண்டாட்டி இழவு வீட்டில் அழுவது மாதிரி அழுதுகொண்டிருந்தாள். 'புருஷனுக்கேத்த பொண்டாட்டி' என்று நினைத்துக்கொண்டாள் சங்கிலியம்மாள்.

மெஷின் நின்றது. நர்ஸ் குழாயைக் கழற்றிவிட்டுப் போனாள். ராக்கப்பன் மெதுவாய்க் கண்ணைத் திறந்தான்.

"யக்கா, இனி நான் எம்புட்டு நாளைக்கு இருப்பேன்?"

"என்னலே ஒளர்ற?"

"இதைக் குடுத்தவன் ஆறு மாசம் தாங்க மாட்டான்னு டீக்கடையில சொன்னாக. டாக்டரம்மா ஒண்ணும் ஆகாதுங்குறாக. தைரியம் குடுக்க அப்படித்தேன சொல்லுவாக. பயந்துக்கிட்டுத்தேன் இம்புட்டு நாள் வரல யக்கா. எம் மகன் தலையெடுக்குற வரைக்கும் தோட்டத்தை மாமாவைப் பாத்துக்கிடச் சொல்லு. எம் பொண்டாட்டிகிட்டயும் எல்லாம் சொல்லிட்டுத்தேன் வந்தேன்."

"செத்துப்போவோம்னு நெனச்சுக்கிட்டா வந்த?"

"பெறகு? நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

சங்கிலியம்மாள் வாயைத் திறந்தாள். ஒரு வசவும் வரவில்லை. இந்தக் கூமுட்டைப் பயலைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்றிருந்தது. ஊசி குத்திய அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகக்கவசம் நனைய நனைய அழுதாள்.