பலூனுக்குப் போட்ட மாலை

நான் செய்தது தப்புதான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துத் திட்ட வேண்டாம்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு லேப் அசிஸ்டென்ட் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். எங்கள் லேபின் பேராசிரியருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு: செயற்கைக்கோள்களும், உடைந்துபோய்ப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ராக்கெட் குப்பையும். அதையெல்லாம் பார்க்கப் பெரிய தொலைநோக்கிக்கு எங்கே போவது? ஆகவே ஒரு தெர்மாகோல் பெட்டியில் கேமராவை வைத்து, அது சாய்வாக மேலே பார்க்கும்படி ஓட்டை போட்டு, பெரிய பலூனில் கட்டி அனுப்புவது என்று முடிவு செய்தார். முப்பது கிலோமீட்டர் உயரம் போய்விட்டால் பட்டப்பகலிலேயே வானம் கறுத்துவிடும். வெயில் பட்டு மின்னியபடி நகருகிற பொருள் போட்டோவில் கோடாக விழும். பலூன் வெடித்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். நாங்கள் போய் எடுத்து வரவேண்டியதுதான்.

முதல் பலூன் பொம்மையார்பாளையம் பக்கம் கடலுக்குப் போனது. இரண்டாவது ஒழுங்காக வந்து சேர்ந்தது, கேமராதான் ஓடவில்லை. மூன்றாவதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் லேபைக் காலி செய்து உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்து படங்களைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்களாம். லேப் போனால் சார் செத்த பாம்பு மாதிரி ஆகிவிடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கல்லூரி வேன் டிரைவர் என் காதைக் கடித்தார்.

"ஏம்மா, ரெண்டு தபா வுட்டீங்க, ரெண்டு தபாவும் பேஜாரு. பூஜை போட்டீங்களா? சைக்கிள் வாங்குனாலே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கிறோம்."

"சாருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவாருண்ணே."

"அவரு டீ குடிக்கப் போவாரில்ல? ஜல்தியா முடிச்சிடலாம்."

சாருக்குப் பூஜை, ராகுகாலம் என்றாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும் அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் இரண்டு முறை தோற்றவர்களிடம் போய் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. பலூன் விடுகிற அன்று விடியற்காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாலை கேட்டேன். சாமந்தி இன்னும் வரவில்லை. ரோஸ் நிற ஜிகினா தூவிய கல்யாண மாலை ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டேன். சார் டீக்கடைக்குப் போனதும் பெட்டிக்கு மாலையைப் போட்டோம். டிரைவர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டார். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் சூடம் கொளுத்தாதீர்கள் என்று நான்தான் தடுத்தேன். எனக்கும் கொஞ்சம் அறிவு உண்டு.

சார் திரும்பி வருவதற்குள் மாலையைக் கழற்றி வேன் சீட்டுக்கடியில் தள்ளியாகிவிட்டது. பலூன் ஜம்மென்று ஏறியது. மூன்று மணி நேரம் கழித்து ஓமந்தூர் தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் பெட்டி இறங்கியதாக சிக்னல் வந்தது. போனால், அங்கே ஒரு அம்மா பெட்டிக்குப் பக்கத்திலேயே காவலுக்கு நின்றிருந்தார்.

"உங்க பொட்டிங்களா? மல்லாட்டைச் செடி மேலயே வந்து குந்திக்கினு இருந்துச்சு. என்னாங்க, சீர்வரிசைப் பொட்டி கணக்கா ஜிகினாவெல்லாம் ஒட்டிக்கினு கீது?"

நல்லவேளை, சார் அப்போது போனில் இருந்தார். நான் பெட்டியை வாங்கி முந்தானையால் துடைத்தேன். அந்தச் சனியன் தெர்மாகோலை விட்டு வருகிறதா? ஒரு துணுக்கைத் தட்டினால் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

மறுநாள் சார் லேபுக்குள் ஓடி வந்தார். அவர் வேகமாக நடந்தாலே நாங்கள் ஆச்சரியப்படுவோம், ஓடி வந்தார்!

"ஒம்பது கோடும்மா! ஒண்ணு மெல்லிசா மங்கலா கீது, அது ஏதோ கேமரா கோளாறு, தள்ளு. மிச்சம் எட்டும் எந்தப் பட்டியல்லயும் இல்ல. எட்டும் புதுசு! விட்டு விட்டு மின்னுது பாரு, உருண்டுக்கினே போற குப்பை. இது ஒண்ணு ரோஸா மின்னுது. சோலார் பேனல் மேல பூசுன பூச்சா இருக்கும்."

ரோஸ் என்றதும் எனக்கு வேன் சீட்டுக்கடியில் கிடந்த மாலை ஞாபகம் வந்தது. சார் லேபில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக்கொடுத்தார். ஆறு வருடமாக நான் முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்துக் கூப்பிட்ட மனிதர், கரும்பலகை முன்னால் நின்று ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது வேனிலிருந்து மாலையை எடுத்துவந்தேன். அதே கேமரா முன்னால் ஜிகினாவை உதறிப் படம் எடுத்தேன். அதே தடித்த, கலங்கிய கோடுகள். கிட்டத்தில் பறப்பது அப்படித்தான் விழும். ரொம்பத் தூரத்தில் போவதுதான் மெல்லிசாக விழும். பெட்டியில் ஒட்டியிருந்த ஜிகினா மேலே போய்க் கேமரா முன்னால் உதிர்ந்திருக்கிறது. எட்டும் என் கைங்கரியம்.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாள் வாயைத் திறந்தேன். மூன்று நாளும் அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார், நான் டீ வேண்டுமா சார் என்று கேட்டுவிட்டு வந்தேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நிபுணர்கள் வந்தார்கள். சார் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகக் காட்டினார். ரோஸ் படம் திரையில் வந்தது. மூவரில் வயதான அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது எதிலேருந்து உடைஞ்சதுன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

சார் வாயைத் திறப்பதற்குள், ப்ரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன்.

"அது என் மாலையிலேருந்து உடைஞ்சதுங்க."

பூஜை, கல்யாண மாலை, தெர்மாகோல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சார் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த அம்மையார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எட்டுமா?" என்றார்.

"எட்டுந்தாங்க. ஆனா இன்னொண்ணு இருக்குது. சார் தள்ளி வெச்சுட்டாரு. அது மெல்லிசா இருக்குதுங்க. என் ஜிகினா அப்படி வுழாது."

அந்த ஒன்பதாவது படத்தைத் திரையில் போட்டேன். அம்மையார் நேரத்தையும் திசையையும் கேட்டுத் தன் மடிக்கணினியில் தேடினார். எந்த நாடோ எப்போதோ அனுப்பிய ராக்கெட்டின் காலி உடம்பு அது. சரியாக அந்த நிமிடத்தில், அந்த இடத்தைக் கடந்திருக்கிறது. ஒன்று போதும் என்றார்கள். லேப் இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வண்டி கிளம்பிய பிறகு நானும் சாரும் மட்டும் இருந்தோம். விழப்போகிற திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணு நாளா தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க சார். உங்கள அப்படி நான் பாத்ததே இல்ல."

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். திரைக்குக் கிட்டே போய் நின்றார்.

"அந்த மெல்லிசுக் கோட்ட இன்னொரு தபா போடும்மா," என்றார். "நான் ஒழுங்கா பாக்கவே இல்ல."